தராசில் ஏறிய வில்லோ மரம்

செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்று அரிஸ்டாட்டில் காலந்தொட்டு நம்பிவந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து மருத்துவர் யான் வான் ஹெல்மான்ட் அதை நிறுத்துப் பார்த்தார்.

உலையில் காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டார். மழைநீரோ வடித்த நீரோதான் ஊற்றினார். தூசி விழுந்து கணக்கைக் கெடுத்துவிடக் கூடாதே! வெள்ளீயம் பூசிய துளைத் தகட்டால் தொட்டியின் வாயை மூடினார். ஐந்தாண்டு கழித்து மரம் 169 பவுண்டுக்குச் சற்று அதிகம். மண்ணோ, மறுபடி காயவைத்து நிறுத்தபோது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது.

மரம் முழுக்கத் தண்ணீரே என்று முடிவுகட்டினார். எடை சரி, முடிவுதான் பிசகு. நான்கு இலையுதிர்காலங்களில் உதிர்ந்த இலைகளையும் அவர் நிறுக்கவில்லை. கரி எரியும்போது எழும் வாயுவைத் தனியே அடையாளம் கண்ட மனிதர், மரம் அதையே உட்கொள்வதைக் கவனிக்காதது வேடிக்கைதான்.

அவர் இறந்தபின், 1648-இல், மகன் இதை அச்சிட்டார். வாயு, நீர் இரண்டின் பங்கையும் அளந்து காட்டிய ஜெனிவாவின் த சொசூர் நூல் வெளிவந்தது 1804-இல்.