விரைவுக் காரின் பெட்ரோல் கணக்கு

விரைவுக்கென்றே உருவாக்கப்பட்ட காரைப் பார்த்து, "என்ன மைலேஜ் கொடுக்கும்?" என்று வினவுவதை அபசாரமாகக் கருதும் கார் அபிமானிகள் எல்லா தேசங்களிலும் இருக்கிறார்கள். அத்தகைய வாகனத்தை வாங்கும் சக்தி படைத்தவர் பெட்ரோல் செலவைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் அமெரிக்க தேசத்தின் பிரசித்தி பெற்ற விளையாட்டுக் காரான கார்வெட்டின் சரித்திரத்தைப் பொறுமையுடன் ஆராய்பவர்களுக்கு, அபசாரமென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கேள்வியே அதன் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும், ஓட்டுபவர் கையில் பிடிக்கும் கியர்க் கம்பியின் போக்கையுங்கூட, பல பத்தாண்டுகளாக வடிவமைத்து வந்திருக்கிறது என்பது விளங்கும்.

1953ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க் நகரத்து வால்டார்ப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் முதன்முதலாக ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதக் கடைசியில் மிச்சிகன் மாகாணத்து பிளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கிய கார்வெட், அந்த வருஷம் மொத்தம் 300 வண்டிகளே செய்யப்பட்ட அபூர்வப் பொருளாக இருந்தது. அந்நாளில் அதன் பெட்ரோல் செலவைப் பற்றி எவரும் பேசவில்லை. பெட்ரோல் மலிவு, சாலைகள் விசாலம், வேகம் ஒன்றே லட்சியம். 1957இல் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ராச்செஸ்டர் சாதனத்தை அந்தக் காரில் பொருத்தி, 283 கன அங்குல எஞ்சினிலிருந்து 283 குதிரைச் சக்தியைப் பெற்றார்கள் என்பது பெருமையுடன் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் சிக்கனத்தின் பிரதான கருவியாக விளங்கப்போகும் எரிபொருள் பீய்ச்சும் முறை, அந்தக் காரில் முதலில் பிரவேசித்தது சக்தியைக் கூட்டுவதற்காகத்தான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது இந்த நிலைமை மாறியது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1974 ஜனவரியில் மணிக்கு 55 மைலுக்கு, அதாவது 88 கிலோமீட்டருக்கு மேல் எந்தச் சாலையிலும் செல்லலாகாது என்ற சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் பிறந்தது. 454 கன அங்குலக் கொள்ளளவுடைய பெரிய எஞ்சின் அவ்வாண்டோடு கார்வெட்டிலிருந்து விடைபெற்றது. மறு ஆண்டு, 5.7 லிட்டர் கொள்ளளவு இருந்தும் 165 குதிரைச் சக்தி மாத்திரமே தரும் எஞ்சின் சாதாரண கார்வெட்டின் முன்புறத்தில் அமர்ந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்பது அவசியம். சக்தி குறைந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. 1975ஆம் ஆண்டுக் கார்வெட் அந்த நம்பிக்கைக்கு நேர் விரோதமான சாட்சி. ஈயம் கலவாத பெட்ரோலுக்கு ஏற்றவாறு 1971 முதலே சிலிண்டருக்குள் வாயுவை அமுக்கும் விகிதத்தைக் குறைத்துவிட்டார்கள். புகையைச் சுத்திகரிக்க வேண்டுமென்ற சட்டத்துக்காகத் தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அமுக்க விகிதம் குறையும்போது, எரியும் பெட்ரோலின் உஷ்ணத்தில் உந்துசக்தியாக மாறும் பங்கு குறைந்து, வீணாகும் பங்கு வளர்கிறது. ஆகையால் அந்த எஞ்சின் பலத்தையும் இழந்தது, சிக்கனத்தையும் அடையவில்லை. காற்றைச் சுத்தப்படுத்தும் நோக்கம் உயர்ந்ததே. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் பலவீனமான எஞ்சினைச் சிக்கனமான எஞ்சின் என்று நினைத்துக் கொள்வது தவறு என்பதை அந்தப் பத்தாண்டு தெளிவாகக் காட்டியது.

இதற்குள் அமெரிக்கக் காங்கிரஸ் இரண்டு சட்டங்களை இயற்றிவிட்டது. 1975 டிசம்பரில் வந்த முதற்சட்டம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1985க்குள் காலனுக்கு 27.5 மைலை, நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டரை, எட்ட வேண்டுமென்று விதித்தது. 1978இல் வந்த இரண்டாவது சட்டம் அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும் காரின் மீது தனி வரி போட்டது. 1980ஆம் வருஷ மாடல்களோடு தொடங்கிய அந்த வரியின் எல்லைக்கோடு படிப்படியாக உயர்ந்து, 1986இல் காலனுக்கு 22.5 மைலில் நின்றது. வரித்தொகையோ 1991இல் இரட்டிப்பாயிற்று. காரின் கண்ணாடியில் ஒட்டப்படும் விலைச்சீட்டில் இந்த வரியும் அச்சாக வேண்டும் என்பதால், அது பணத்துக்கு மாத்திரமல்ல, மானத்துக்கும் நேர்ந்த சோதனையாயிற்று. கனத்த உடம்பும் சதுர முகமும் கொண்ட ஜீப் வகைகளையும் சிறு டிரக்குகளையும் இவ்வரியிலிருந்து விலக்கி வைத்தது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். தாழ்ந்த, காற்றைக் கிழித்துச் செல்லும் உடலமைப்புடைய விளையாட்டுக் கார் நெடுஞ்சாலையில் அவற்றைவிட மிகக் குறைவாகவே எரிபொருளைச் செலவழிக்கிறது.

மைலேஜை அளக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் பிந்திய வரலாற்றை விளங்கிக் கொள்ள முடியாது. கார் ஓர் அறைக்குள் நிற்கிறது. அதன் பின்சக்கரங்கள் இரும்பு உருளைகளின் மேல் சுழல்கின்றன. முன்னால் ஒரு பெரிய மின்விசிறி காற்றை வீசுகிறது. ஓட்டுபவர் திரையில் ஓடும் கோட்டைக் கண்ணிமைக்காமல் பார்த்து, அந்தக் கோடு காட்டும் வேகத்தையே தம் காரிலும் காட்ட வேண்டும். நெடுஞ்சாலைப் பரீட்சை என்பது பத்து மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரம், சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்ச வேகம் 60 மைல்; நகரப் பரீட்சையின் சராசரி வேகம் 21 மைல். புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயுவைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கரியின் அளவைக் கணக்கிட்டு, எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று முடிவு செய்கிறார்கள். மணிக்கு நூற்றைம்பது மைலைத் தாண்டிச் செல்லக்கூடிய கார் இந்த இரண்டு பரீட்சைகளிலும் 60 மைலைத் தாண்டுவதே இல்லை. ஆகவே கார்வெட் பொறியாளர்களுக்கு முன்னிருந்த கேள்வி, மிகுந்த பலமுள்ள எஞ்சின் மிகக் குறைந்த வேலை செய்யும் சமயத்தில் எவ்வாறு சிக்கனமாக இருப்பது என்பதே.

விடை எஞ்சினை மெதுவாகச் சுழலவிடுவதில் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது காற்றுப் பாதையிலுள்ள தகடு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. பிஸ்டன்கள் அந்த நெருக்கடியின் வழியாகக் காற்றை இழுக்கப் பாடுபடுவது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனின் பாட்டை ஒத்தது. அதே வேகத்தில் எஞ்சின் பாதிச் சுற்றே சுழலுமாறு உயர்ந்த கியரில் போட்டால், தகடு அதிகமாகத் திறக்க வேண்டியிருக்கிறது, மூச்சு சுலபமாகிறது, உராய்வும் குறைகிறது. சிறிய எஞ்சினுக்கு இது கூடாது. ஏறக்குறைய ஆறு லிட்டர் கொள்ளளவும் தாழ்ந்த சுழற்சியிலேயே தாராளமான இழுவையும் கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இது இயல்பாகவே பொருந்தியது. எரிபொருளை விழுங்கும் என்று பழிக்கப்பட்ட பெரிய எஞ்சினின் பெருமையே அதன் சிக்கனத்துக்கும் காரணமாயிற்று.

1984 மாடலாக வந்த புதிய கார்வெட்டில் டக் நாஷ் என்பவரின் பெயரால் வழங்கிய கியர்ப் பெட்டி இருந்தது: நான்கு கியர்கள், அவற்றுள் மேல் மூன்றுக்கும், எஞ்சினின் சுழற்சியைத் தணிக்கக் கம்ப்யூட்டர் ஆணைப்படி சேரும் ஓவர்டிரைவ். இரண்டு சாதனங்களை ஒன்றாக முடிச்சுப்போட்ட அந்த ஏற்பாடு ஓட்டுபவர்களுக்கு அதிகம் பிடிக்கவில்லை. ஐந்து வருஷங்கள் நீடித்தது. 1989இல் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தாரின் ஆறு கியர்ப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. நான்காவது கியரில் எஞ்சினின் சுழற்சி மாற்றமின்றி நேராகச் செல்லும். ஆறாவதிலோ எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். கார் தன் உச்ச வேகத்தை எட்டுவது ஆறாவது கியரில் அல்ல, அதற்குக் கீழ் கியரில்தான். ஆறாவது கியர் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காகவே அமைந்தது.

அந்தப் பெட்டியோடு வந்த இன்னொரு ஏற்பாடு கார்வெட் அபிமானிகளின் கோபத்தை நெடுங்காலம் சம்பாதித்துக் கொண்டது. எஞ்சின் சூடேறிய பின், முதல் கியரில் மென்மையாகக் கிளம்பி, மணிக்குப் பதினைந்து இருபது மைலில் இரண்டாவது கியருக்காகக் கம்பியைப் பின்னுக்கு இழுத்தால், பெட்டியின் பக்கத்திலுள்ள மின்காந்த விசை ஒன்று இரண்டாவது கியரின் வாசலை அடைத்துவிடும். கம்பி தானாகவே நான்காவது கியருக்குள் போய் விழும். ஒன்றிலிருந்து நான்கு என்று காட்டும் விளக்கு முன்பலகையில் எரியும். அழுத்தி மிதித்தாலோ இந்தத் தடை விலகிவிடும். நகரப் பரீட்சையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் தவிர்த்து எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டால் மைலேஜ் கூடும். ஆனால் ஓட்டுபவர் சாலையிலும் அவ்வாறே கியர் மாற்றுவார் என்பதற்கு உத்தரவாதம் வேண்டும். அந்த உத்தரவாதமே இந்த விசை. அதன் மின்கம்பியைக் கழற்றி, கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்த ஒரு சிறு மின்தடையைச் சொருகுவது வீட்டு வாசலிலேயே முடிகிற வேலையாகிவிட்டது. அதற்கென்றே செய்யப்பட்ட சொருகிகளும் கடைகளில் விலைக்கு வந்தன. பரீட்சை அறையில் ஈட்டிய மைலேஜும் சாலையில் கிடைக்கும் மைலேஜும் எங்கே பிரிகின்றன என்பதை இந்தச் சிறு சொருகியைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

இந்தக் கியர்ப் பெட்டியின் துணையால்தான் 1990இல் இசட்.ஆர்.-1 என்ற கார்வெட் ஓர் அரிய சாதனையைச் செய்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் வடிவமைத்து, ஓக்லஹோமா மாகாணத்து ஸ்டில்வாட்டரில் படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மரீன் நிறுவனத்தார் கட்டிய 32 வால்வுகளுள்ள அதன் எஞ்சின் 375 குதிரைச் சக்தியை ஈந்தது. ஆயினும் பெட்ரோல் வரியின் வலைக்குள் அது விழவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் டெக்சஸ் மாகாணத்து ஃபோர்ட் ஸ்டாக்டன் சோதனைப் பாதையில் இருபத்து நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடி, சராசரி மணிக்கு 175.885 மைல், அதாவது 283 கிலோமீட்டர் வேகத்தைப் பதித்து, 1940 முதல் நிலைத்திருந்த சாதனையை அதே கார் முறியடித்தது. வரிச்சீட்டு இல்லாமல் கடையில் விற்கும் வண்டி அது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சாலையில் பிரத்தியட்சமாகக் கிடைக்கும் மைலேஜ் என்று பார்த்தால், 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டையே உத்தமமான உதாரணமாகச் சொல்வேன். 345 குதிரைச் சக்தி, அலுமினிய எஞ்சின், 0.29 என்ற குறைந்த காற்றுத்தடை எண், மறுபடியும் பாதிச் சுழற்சியுள்ள ஆறாவது கியர். மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 1,600 சுற்றைக்கூட எட்டுவதில்லை. பக்கத்தில் பேசுகிறவர் குரலை உயர்த்த வேண்டியதில்லை. காலனுக்கு 28 மைல் என்று சர்க்கார் அச்சிட்ட நெடுஞ்சாலைக் கணக்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர், நீண்ட பிரயாணங்களில் ஓட்டுபவர்களுக்கு நிஜமாகவே கிடைத்தது. நிதானமாகச் சென்றவர்கள் அதைத் தாண்டியதும் உண்டு. அதே கார் நகரத்து சிக்னல்களில் நின்று நின்று கிளம்பும்போது அதில் பாதிக்கு இறங்குவதும், பந்தயப் பாதையில் காலனுக்கு ஒற்றை இலக்க மைலுக்குள் அடங்கிவிடுவதும் இயற்கை. வலது பாதத்தின் அழுத்தத்தால் மூன்று மடங்கு வித்தியாசம் காட்டும் வண்டிக்கு ஒரே எண்ணால் மைலேஜ் சொல்வது நியாயமல்ல. குடும்பக் காரில் இந்த அகலம் இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை.

சர்க்காரும் காலக்கிரமத்தில் இதை உணர்ந்தது. 1985இலேயே அறைக் கணக்கிலிருந்து நகரத்துக்குப் பத்து சதவிகிதமும் நெடுஞ்சாலைக்கு 22 சதவிகிதமும் கழித்து அச்சிடத் தொடங்கியவர்கள், 2008 மாடல்களிலிருந்து 80 மைல் வரையிலான வேகத்தையும், கோடை வெயிலில் ஏர்கண்டிஷனர் ஓடுவதையும், கடுங்குளிரையும் பரீட்சையில் சேர்த்துக் கொண்டார்கள். 505 குதிரைச் சக்தியுடன் 2006இல் வந்து, வரியின் வாசற்படியைத் தாண்டாமலேயே தப்பித்த இசட்.06 என்ற கார்வெட்டின் நெடுஞ்சாலை மைலேஜ் புதுக் கணக்கில் 26இலிருந்து 24ஆக இறங்கியது. ஆனால் வரி விதிப்பதற்கு மாத்திரம் பழைய அறைக் கணக்கையே இன்றுவரை பிரமாணமாகக் கொள்கிறார்கள்.

2014இல் வந்த ஏழாம் தலைமுறையில் ஏழு கியர்களும், தேவையில்லாத வேளையில் எட்டு சிலிண்டர்களில் நான்கைத் தூங்கவைக்கும் உபாயமும் சேர்ந்து, 455 குதிரைச் சக்தியுள்ள காருக்கு நெடுஞ்சாலையில் காலனுக்கு 29 மைல் என்ற கணக்கைப் பெற்றுத் தந்தன. இதற்கிடையே 2009இல் 638 குதிரைச் சக்தியுடன் வந்த இசட்.ஆர்.1 வரியைச் செலுத்தத்தான் வேண்டியிருந்தது, 2023இன் இசட்.06 காரும் அப்படியே. 2020இல் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போன எட்டாம் தலைமுறையில் கையால் மாற்றும் கியர்க் கம்பியே இல்லை. இரட்டைக் கிளட்ச் கொண்ட எட்டு கியர்ப் பெட்டியை ஆளும் கம்ப்யூட்டர் எந்த கியர் சிக்கனமோ அதைத் தானே தேர்ந்துகொள்கிறது. இரண்டாவது கியரின் வாசலை அடைத்த மின்காந்த விசைக்கும், அதை ஏமாற்றிய சொருகிக்கும் அந்தக் காரில் வேலை இல்லாமற் போயிற்று.