கொடுவா மீன்பிடிப்பும் காற்றழுத்தமும் (புதுச்சேரி)

கொடுவா என்பது புதுச்சேரி உள்ளிட்ட சோழமண்டலக் கடற்கரையின் கடலிலும் கழிமுகங்களிலும் வாழும் உணவு மீன் ஆகும். இதன் அறிவியற் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். ஆஸ்திரேலியாவில் இது பாரமுண்டி எனப்படுகின்றது. காற்றழுத்தம் இறங்கும்போது மீன் தூண்டிலை நன்கு கவ்வும், ஏறியபின் கவ்வாது என்ற கருத்து, வட அமெரிக்காவில் பாஸ் எனப்படும் நன்னீர் மீன்களைப் பிடிப்போரிடையே பரவலாக உள்ளது. புதுச்சேரியில் கொடுவா மீன்பிடிப்புக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது கீழே விளக்கப்படுகின்றது.

காற்றுப்பையும் அழுத்தமும்

பாஸ், கொடுவா ஆகிய இரண்டுக்கும் உடலினுள் காற்றுப்பை உண்டு. மீன் நீரில் நிலையாக நிற்க இது உதவுகின்றது. வெளி அழுத்தம் குறைந்தால் பை விரியும், கூடினால் சுருங்கும். இம்மாற்றம் மீனின் இரையெடுப்பைப் பாதிக்கின்றது என்பதே மேற்கூறிய கருத்துக்குக் கூறப்படும் விளக்கம்.

கடல் மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1013 ஹெக்டோபாஸ்கல். நீரில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூடினால் அழுத்தமும் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் கூடும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலின் மைய அழுத்தம் 970 ஹெக்டோபாஸ்கல் அளவுக்குக் குறைந்தது. இத்தகைய கடும் புயலின் அழுத்த வீழ்ச்சிகூட, மீன் அரை மீட்டருக்கும் குறைவாக மேலே நீந்துவதற்கே சமம். இரை தேடும் மீன் சில நொடிகளிலேயே இதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். எனவே அழுத்தம் மட்டுமே மீனின் நடத்தையை மாற்றுகின்றது என்பது ஏற்கத்தக்கதாக இல்லை.

நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கம்

வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் இருமுறை ஏறி இறங்குகின்றது. முற்பகல் 10 மணியளவில் உயர்ந்திருக்கும் அழுத்தம், பிற்பகல் 4 மணியளவில் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் வரை குறையும். வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இது நிகழும். ஆகவே காற்றழுத்தமானியைப் பார்ப்போர், முந்தைய நாள் அதே நேரத்தில் பதிவான அளவுடன் ஒப்பிட வேண்டும்.

வானிலையின் தாக்கம்

கொடுவா குஞ்சுகள் கழிமுகங்களின் உவர்நீரை நாடி வளர்கின்றன. முதிர்ந்த மீன்கள் முட்டையிடக் கடல்நீரை நாடுகின்றன. சங்கராபரணி ஆறு புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு எனப் பிரிந்து கடலில் கலக்கின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது வரும் வெள்ளம் நீரைக் கலக்கி, அதன் உப்புத்தன்மையைக் குறைக்கின்றது. இறால், மடவை போன்ற இரைகள் இடம் மாறும்போது கொடுவாவும் அவற்றைத் தொடர்கின்றது. தாழ்வு மண்டலம் நெருங்கும்போது காற்று, அலை, மழை, ஒளி ஆகியன ஒருங்கே மாறுவதால், கிடைக்கும் மீனின் அளவில் காணும் மாற்றத்தை அழுத்தத்தின் விளைவு என்று பிரித்துக் கூறுவது கடினம்.

மீனவர் பாதுகாப்பு

காற்றழுத்தத் தகவல் மீனைவிட மீனவருக்கே முதன்மையானது. இந்தியத் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. 1ஆம் எண் தொலைவில் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளதையும், 10ஆம் எண் பெரும் அபாயத்தையும், 11ஆம் எண் வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்ததையும் குறிக்கும்.

எச்சரிக்கை கடற்கரையைச் சென்றடைவதும் இன்றியமையாதது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்புகள் பெறப்பட்டு ஒலிபெருக்கி மூலம் மீனவருக்கு அறிவிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை, நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டதால் ஊர் மக்கள் உயிர் தப்பினர்.

மாறாக, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விரைந்து வலுப்பெற்றபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மற்றும் கேரள மீனவர் பலரை எச்சரிக்கை சென்றடையவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல் நிலை முன்னறிவிப்புகளையும் மீன்வளம் மிகுந்திருக்கக்கூடிய பகுதிகள் பற்றிய தகவல்களையும் வெளியிடுகின்றது. பின்னவை காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டவை அல்ல. செயற்கைக்கோள்கள் அளக்கும் கடற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு கணிக்கப்படுகின்றன.