பினாங்கில் கிறித்துவத் தாதியர் கல்வி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் கிறித்துவச் சூழலில் தாதிமை பயில நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, ஜார்ஜ்டவுன் பர்மா சாலையில் இருக்கும் அட்வென்டிஸ்ட் மருத்துவமனையின் தாதியர் கல்லூரியைப் பற்றித்தான். அட்வென்டிஸ்ட் திருச்சபை மருத்துவமனையை நடத்துகிறது. மருத்துவமனை தனக்கு வேண்டிய தாதியரைத் தானே பயிற்றுவிக்கிறது. தமிழ்நாட்டில் 'செவிலியர்' எனப்படுவோரை மலேசியத் தமிழர் 'தாதி' என்பர். பேச்சு வழக்கில் அவர் 'மிஸ்ஸி'.

தோற்றம்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த மிஷனரி மருத்துவர் ஜே. ஏர்ல் கார்ட்னர், 1924இல் ஜார்ஜ்டவுன் முன்ட்ரி தெருக் கடைவீடு ஒன்றில் சிறு கிளினிக் தொடங்கினார். அதுவே பின்னர் பர்மா சாலைக்கு இடம்பெயர்ந்து பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது.

இந்தச் சபைக்குத் தாதியர் கல்வி புதிதல்ல. அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் 1883லேயே, மருத்துவர் கேட் லின்ட்சே முன்னின்று ஒரு தாதியர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். மருந்தோடு வெந்நீர் ஒத்தடம், வெயில், ஓய்வு, சைவ உணவு ஆகியவையும் சிகிச்சையே என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. அதன் சாயலைப் பினாங்கிலும் காணலாம்: மருத்துவமனை உணவகத்தில் இறைச்சி கிடையாது, அங்கே சுடும் முழுக்கோதுமை ரொட்டியை நோயாளி அல்லாதவர்களும் வாங்கிப் போவார்கள். வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி மாலை வரை சபையார்க்கு ஓய்வுநாள். ஆனாலும் வார்டில் நோயாளியைப் பார்க்கும் வேலை நிற்பதில்லை.

டிப்ளோமாவும் பட்டமும்

மலேசியாவில் தாதியாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் உரிய பாடங்களில் கிரெடிட் பெற்றவர் மூன்றாண்டு டிப்ளோமாவில் சேரலாம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தவர் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்புக்குப் போகலாம். மருத்துவமனை சார்ந்த கல்லூரிகள் டிப்ளோமாவை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தவை. பட்டம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் கையில். பினாங்கில் தலைமை வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்கூடத் தன் தாதிமைப் பட்டப்படிப்பை கிளந்தானின் குபாங் கிரியான் வளாகத்தில்தான் நடத்துகிறது. அதனால் டிப்ளோமாவோடு வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பட்டத்துக்குப் படிப்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் கதை வேறு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கி, 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பட்டத்துக்கு உயர்த்தியது. இந்தியாவில் தாதிமைப் பட்டம் முதன்முதலில் வந்த இரண்டு இடங்களில் அது ஒன்று, மற்றது டெல்லி.

வகுப்பும் வார்டும்

உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், தொழில்நெறி என்று பாடங்கள் நீளும். முதலில் பயிற்சிக்கூடத்தில் பொம்மை உடலில் கைப்பழக்கம்: சுருக்கம் விழாமல் படுக்கை விரிப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது. மருந்து கொடுக்குமுன் ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும்.

பிறகு வார்டு: காலை, மதியம், இரவு என்று ஷிப்ட். ஒரே அறையில் ஹொக்கியன் பேசும் பாட்டி, பட்டர்வொர்த் தமிழர், மேடானிலிருந்து சிகிச்சைக்கு வந்த இந்தோனேசியர் என மூவர் படுத்திருக்கக்கூடும். "சாக்கிட் டி மானா?" என்று மலாயில் கேட்ட அதே வாய் அடுத்த கட்டிலில் "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்கும். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தப் பயிற்சியைப் பினாங்கு வார்டுகள் இலவசமாகத் தருகின்றன.

பதிவும் செலவும்

படிப்பை முடித்தால் மட்டும் போதாது. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ், மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற வேண்டும். பணிபுரியும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குச் சிலர் அரசின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பெறுகிறார்கள். சிலருக்கு மருத்துவமனைகளே செலவை ஏற்கின்றன. பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும்.

எந்தக் கல்லூரியானாலும், சேருமுன் அந்தப் படிப்புக்குத் தாதியர் வாரியம், மலேசியத் தகுதி முகமை (எம்கியூஏ) ஆகிய இரண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.