துப்பாக்கியைத் துடைக்கும் உரிமை யாருக்கு?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன வீட்டு வேலையைப் பத்தி. ஒரு கைத்துப்பாக்கியோட உலோக பாகங்களைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, மெருகு குறையாம வைக்கிற வேலை. கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா நம்ம நாட்டுல இதை யார் திண்ணையில உட்கார்ந்து செய்யலாம், யார் கதவைச் சாத்திட்டு செய்யணும்ங்கிறதை நாற்பது வருஷத்துக்கு மேல ஒரு சட்டம் தீர்மானிச்சது. அதுவும் ஆள் எந்த இனம்னு பார்த்து.

முதல்ல, துப்பாக்கியை எதுக்குத் துடைக்கணும்? அழகுக்காக இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தின தோட்டாக்கள்ல, மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடியில பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறி குழலுக்குள்ள படியும். அதாவது ஒரு வகை உப்பு. நம்ம சமையல் உப்புக்கு நெருங்கின சொந்தம். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதுல்ல, அதே மாதிரி இதுவும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். எஃகு துருப்பிடிக்கும். எண்ணெய்ல உப்பு கரையாது, தண்ணியிலதான் கரையும். அதனால அந்தக் காலத்து சிப்பாய்கள் குழலுக்குள்ள கொதிதண்ணி ஊத்தி, காய வெச்சு, அதுக்கப்புறம்தான் எண்ணெய் போடுவாங்க.

இதுல இன்னொரு விஷயம். துப்பாக்கியோட கருநீல நிறம் பெயிண்ட் இல்லை. தொழிற்சாலையில எஃகை நல்லா பாலிஷ் பண்ணி, அதன்மேல வேணும்னே உருவாக்குற மெல்லிய இரும்பு ஆக்சைடு படலம் அது. பளபளன்னு இருக்கணும்னு வீட்டுல உரசி உரசித் தேய்ச்சா அந்தப் படலம் போயிடும். அப்புறம் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

இப்போ துப்பாக்கிக்கு வருவோம். 1900-ல் பெல்ஜியத்தோட எர்ஸ்டால் நகரத்துல ஒரு புது மாதிரி கைத்துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. வடிவமைச்சவர் அமெரிக்கரான ஜான் பிரவுனிங். நீளம் சுமார் 17 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுல முக்கால் பங்கு கூட இல்லை, மகசின்ல ஏழு தோட்டா. கோட்டுப் பையில அடங்கிடும். 1904-ல் ஹெல்சிங்கியில ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவ், 1909-ல் ஹார்பின்ல ஜப்பானோட முன்னாள் பிரதமர் இதோ ஹிரோபுமி, ரெண்டு பேரும் சுடப்பட்டது இந்த மாடல்லதான்.

அதே 1909-ல் லண்டன்ல இருந்த சாவர்க்கர், இருபது பிரவுனிங் துப்பாக்கிகளை சதுர்புஜ் அமீன்ங்கிறவர் மூலமா பம்பாய்க்கு ரகசியமா அனுப்பினார். அதுல ஒண்ணாலதான் டிசம்பர் 21 அன்னைக்கு நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

ஏன் ரகசியமா அனுப்பணும்? அங்கதான் சட்டம் வருது. தமிழ்நாட்டுல ஆயுதப் பறிப்பு பழைய கதை. பாளையக்காரர் போருக்குப் பிறகு, 1801 டிசம்பர்லயே கம்பெனி அரசு இங்க ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. 1857-க்கு அப்புறம் பயம் இன்னும் கூடிச்சு. வைஸ்ராய் லிட்டன் காலத்துல 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் விலக்கு.

இதை ஒரு ஊர்ல வெச்சுப் பாருங்க. இன்னைக்கு விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிற முகையூர் அப்போ தென் ஆர்க்காடு ஜில்லா. அங்க ஒரு விவசாயி பன்றி விரட்ட துப்பாக்கி வெச்சுக்கணும்னா லைசென்ஸ் வாங்கணும். அதே ஜில்லாவுல வேலை பார்க்கிற வெள்ளைக்கார அதிகாரிக்கு அது தேவையில்லை. ஒரே சட்டம், ரெண்டு திண்ணை. 1887-ல் சென்னையில கூடின காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் திருத்தணும்னு தீர்மானமே போட்டது.

ஆனா விழுப்புரத்துல இருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனா புதுச்சேரி. அது பிரெஞ்சு மண், பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. 1908-ல் பாரதி அங்க போனார். 1910-ல் அரவிந்தரும், லண்டன்ல சாவர்க்கரோட இருந்த வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தாங்க. 1911-ன் தொடக்கத்துல, புனலூர்ல வனத்துறை வேலையில இருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் லீவு போட்டுட்டு புதுச்சேரி வந்து ஐயரிடம் சுடப் பழகினார்.

கடற்கரை ஊர். உப்புக்காத்து. நம்ம முதல்ல பேசின வேதியியலை இங்க நினைச்சுக்கோங்க. அந்தக் காலத்துத் தோட்டாவால பயிற்சி எடுத்தா, அன்னைக்கே கழுவித் துடைச்சாகணும். பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டா, அந்த எண்ணெய்த் துணியே வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு காட்டிக்கொடுத்துடும். புதுச்சேரியில இருந்து ரயில்ல தெற்கே போறவங்களுக்கு வழி விழுப்புரம் ஜங்ஷன். 1879-லயே போட்ட பாதை அது.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷை, ரயில் பெட்டியில அவர் மனைவி மேரி கண்ணெதிரே வாஞ்சிநாதன் சுட்டார். பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் துப்பாக்கி. பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள்ள போய் தன்னையே சுட்டுக்கிட்டார். பதினாலு பேர் மேல வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷ சிறை.

இந்தக் கொலையை நீங்க எப்படி வேணும்னாலும் எடை போடலாம். சட்டம் என்ன சாதிச்சதுன்னு மட்டும் பாருங்க. கலெக்டரைக் கொல்ல முடிவு பண்ணினவரை அது தடுக்கலை. தடுக்கப்பட்டது வயலுக்குக் காவல் இருந்தவர்தான். ஒரு அரசாங்கம் தன் மக்களை நம்பலைங்கிறதுக்கு இதைவிடத் தெளிவான எழுத்து சாட்சி வேண்டாம். இன அடிப்படையிலான விலக்கு எடுபட 1920-ன் புது விதிகள் வர வேண்டியிருந்தது.

விலக்கு கிடைச்ச இந்தியர்களும் உண்டு. பக்கத்துல குடகு. அங்க குடவர்களுக்கு பிரிட்டிஷ் காலத்துல கொடுத்த விலக்கு இன்னும் நடைமுறையில இருக்கு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சது. செப்டம்பர் மாசம் கைல்போள்து பண்டிகைக்கு, வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைச்சு, பூஜை அறையில வெச்சு, பூ வைப்பாங்க. அந்தப் பூ நம்ம மாநிலப் பூவான செங்காந்தள். நம்ம ஆயுத பூஜையில அரிவாளும் பைக்கும் நிக்கிற இடத்துல, அங்க துப்பாக்கி.

நமக்கெல்லாம் இன்னைக்கு 1959-ன் ஆயுதச் சட்டம். லைசென்ஸ் எல்லாருக்கும் கட்டாயம், பழுதுபார்க்கிறவருக்கும் தனி உரிமம் வேணும். மெருகேத்துறவங்க கவனிக்க வேண்டியது அதோட 8-வது பிரிவு. துப்பாக்கியில பொறிச்ச பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கக் கூடாது. உப்புத்தாளைப் போட்டு நம்பர் போற அளவுக்குத் தேய்ச்சா, லைசென்ஸ் இருந்தாலும் அது குற்றம். 1878-ல் சட்டம் துப்பாக்கி யார் கையில இருக்குன்னு முகத்தைப் பார்த்தது. இப்போ அந்த எண்ணைப் பார்க்குது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.