ஊரின் முகத்துக்கு ஒரு சட்டம்



கடை வைத்திருக்கும் ஒருவர் தம் கடையின் முகப்பைத் தம் கைப்பணத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்பக் கட்டிக்கொள்கிறார். இதில் ஊருக்கு என்ன வேலை என்று நாம் கேட்கலாம். ஆனால், வணிகக் கட்டடம் எதுவாயினும் அது சுவிட்சர்லாந்து நாட்டுப் பாணியில்தான் அமைய வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் சுவிட்சர்லாந்தில் இல்லை. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது. அதன் பெயர் நியூ கிளாரஸ். இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் சிற்றூர் அது. இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதற்குப் பின்னால், பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த மக்களின் கதை இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் ஒன்று கிளாரஸ். அங்கே மக்கள் கையால் நூல் நூற்றும் துணி நெய்தும் வாழ்ந்தார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன. கைத்தொழில் நசித்தது. பயிரும் பொய்த்தது. எல்லாருக்கும் சோறு போட அந்தச் சிறிய பள்ளத்தாக்கால் முடியவில்லை. எனவே ஊர்ச் சபைகள் பணம் போட்டு, ஏழைக் குடும்பங்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தன. இருவர் முன்னதாகச் சென்று 1,280 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1845ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 193 பேர் புறப்பட்டார்கள். ரைன் ஆற்று வழியே ஹாலந்து சென்று, அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தார்கள். வழியில் சிலர் மாண்டார்கள். சிலர் வேறு இடங்களுக்குப் பிரிந்து போனார்கள். ஆகஸ்டு மாதம் புதிய மண்ணை வந்தடைந்தவர்கள் 108 பேர்.

அவர்கள் முதலில் கோதுமை விதைத்தார்கள். மண் சத்திழந்தது, பூச்சிகள் பயிரைத் தின்றன. அதோடு மனம் உடைந்துவிடாமல் மாடு வளர்ப்பில் இறங்கினார்கள். பால் பெருகியது. பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகள் எழுந்தன. பின்னர், பாலைச் சுண்டக் காய்ச்சி டின்களில் அடைக்கும் தொழிற்சாலையும் வந்தது. ஊரில் பலருக்கு அதுவே வேலை கொடுத்தது.

1962ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரே தொழிலை நம்பி நிற்கும் ஊரில் அந்தத் தொழில் நின்றால் என்ன ஆகும்? தோட்டம் கைமாறும்போது எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணையும் என்று அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனால் இளைஞர்கள் போவார்கள். இளைஞர்கள் போனால் கடைகள் மூடும். கடைகள் மூடினால் பள்ளிக்கூடம் தேயும்.

தங்களிடம் விற்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்று அவ்வூரார் எண்ணிப் பார்த்தார்கள். பாட்டனார் கொண்டு வந்த பாட்டும் பண்டிகையும் இருந்தன. சுவிஸ் வீரன் வில்லியம் டெல்லின் நாடகத்தை 1938ஆம் ஆண்டு முதலே ஆண்டுதோறும் திறந்த வெளியில் நடத்தி வந்தார்கள். அதைக் காண வெளியூர் மக்களும் வந்தார்கள். வருகிறவர்கள் ஊரையும் பார்த்து மகிழ வேண்டும் அல்லவா? ஆனால் கடைத்தெருவோ மற்ற அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருவைப் போலவே இருந்தது. எனவே 1960களில் கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முகப்பை மாற்றத் தொடங்கினார்கள். அகன்று நீண்ட கூரை, செதுக்கு வேலை செய்த மரப் பலகணி, ஜன்னலுக்கு வண்ணக் கதவு, அதன் கீழே பூச்செடிப் பெட்டி என்று தெருவின் கோலம் மாறியது. 1965இல் ஹைடி என்னும் சிறுமியின் கதையை வைத்து இன்னொரு விழாவும் தொடங்கியது.

முதலில் இது அவரவர் விருப்பம். நாளடைவில் விதியாகிவிட்டது. புதிதாகக் கடை கட்டுவோரும், வெளியூர்க் கம்பெனிகளும்கூட, அந்தப் பாணிக்கு இணங்கியே கட்ட வேண்டும். ஏன் இந்தக் கட்டாயம்? லயத்து வீடுகளின் முன்னே ஓடும் கால்வாயை நினைத்துப் பாருங்கள். பத்து வீட்டார் கூட்டிக் கழுவி வைத்து, ஒரு வீட்டார் மட்டும் குப்பையைக் கொட்டினால் நாற்றம் எல்லாருக்கும்தான். அதுபோல, பத்துக் கடைக்காரர்கள் செலவு செய்து தெருவை அழகாக்க, பதினோராவது ஆள் ஒரு தகரப் பெட்டியை நிறுத்திவிட்டு அந்தக் கூட்டத்தில் வியாபாரம் செய்தால் அது நியாயமாகாது. தெருவின் அழகு பொதுச் சொத்து. அதைக் காப்பதற்கே விதி.

எதிர்ப்பக்கத்து நியாயமும் உண்டு. செதுக்கு வேலைக்குப் பணம் வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது சில்லறைச் செலவு. சிறிய கடைக்காரருக்கோ அது ஓராண்டு உழைப்பாக இருக்கலாம். விதி எழுதுகிறவர்கள் அவரையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. இந்த முகம் உண்மையானதா? சுவிஸ் மலைநாட்டில் கூரை அகன்றிருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. மழையும் பனியும் மரச் சுவரை நனைக்காமல் காப்பதற்காக. பலகணி என்பது பொருள்களை உலர்த்தும் இடமாகவும் பயன்பட்டது. 1845இல் வந்தவர்கள் அமெரிக்க மண்ணில் கட்டியவையோ எளிய மரக் குடில்கள். தாய் நகரமான கிளாரஸின் பெரும்பகுதி 1861ஆம் ஆண்டு மே மாதம் தீயில் எரிந்து போனது. பிறகு நேரான தெருக்களோடு, பெரும்பாலும் கல் கட்டடங்களாகவே அது மீண்டும் எழுந்தது. ஆகவே நியூ கிளாரஸின் கடைத்தெரு, முன்னோர் விட்டு வந்த நகரத்தின் நகல் அல்ல. சுவிட்சர்லாந்து என்றதும் பிறர் மனத்தில் தோன்றும் படம் அது.

அப்படியானால் அது பொய்யா? நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கிளாரஸ் மக்கள் திறந்த வெளியில் ஒன்றுகூடி, கை உயர்த்தித் தங்கள் சட்டங்களை முடிவு செய்யும் வழக்கம் உடையவர்கள். இன்றும் அங்கே அந்தச் சபை கூடுகிறது. ஊரார் பணம் போட்டு ஏழைகளை அனுப்பி வைத்ததும் அதே மனப்பான்மைதான். ஆலை மூடியபோது அவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்ந்து நின்று ஒரு முடிவுக்கு வந்தார்களே, அதுதான் மலைநாட்டிலிருந்து அவர்கள் கொண்டு வந்த உண்மையான சொத்து. மரப் பலகணி அதன் மேலே பூசிய சாயம்.

சாயம் வெளுத்தால் மீண்டும் பூசிக்கொள்ளலாம். சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கத்தை இழந்துவிட்டால், எந்தச் சட்டத்தாலும் அதைத் திரும்பக் கட்ட முடியாது. பிழைப்புக்காக ஓர் ஊர் தன் முகத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த முகத்தை வரையும் கை அவ்வூராருடைய கையாகவே இருக்க வேண்டும். நியூ கிளாரஸின் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே.