ஒரு திரை, நாலு மேசை: கணினிக்குள் இடம் தேடிய கதை



புள்ளிப் பட்டியல் ஒரு பக்கம், பாடக்குறிப்பு ஒரு பக்கம், வலயத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம் ஒரு பக்கம், நடுவில் வட்ஸ்அப். "சேர், இன்னொரு மொனிட்டர் வாங்கினால்தான் சரிவருமா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. அதற்குப் பிறகு, இருக்கிற லெப்டொப்பைக் காப்பாற்றுவதே நம் வீடுகளில் பெரும்பாடு. காசைச் செலவழிக்க முன் இந்தப் பிரச்சினையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1968 டிசம்பர் 9இல் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் முதன்முதலாக மவுஸை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலது கையில் மவுஸ், இடது கையின் கீழ் ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை. இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது, இடது கையை மறந்துவிட்டது.

1973இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் ஆல்ட்டோ கணினி உருவானது. அதன் திரை நிமிர்த்தி வைத்த ஒரு தாள் போன்றது, 606க்கு 808 புள்ளிகள்தான். மேசையில் தாள்களை அடுக்குவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாளரங்களைத் திறக்கும் முறை அங்குதான் வளர்ந்தது. ஆனால் மேசை சிறியது, தாள்கள் அதிகம்.

இதை ஆராய்ந்தவர்கள் அதே ஆய்வுகூடத்தின் ஒஸ்டின் ஹென்டர்சனும் ஸ்டுவர்ட் கார்டும். 1986இல் 'ரூம்ஸ்' என்ற முறையை வெளியிட்டார்கள். உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். நினைவகம் போதாத கணினி, பக்கங்களை வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் மாற்றி மாற்றியே களைத்துப்போகும் என்று படிக்கிறீர்கள் அல்லவா? சிறிய திரைக்கு முன் இருக்கும் மனிதனுக்கும் அதேதான் நடக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். வேலையைவிட சாளரங்களைத் தள்ளி வைப்பதிலேயே நேரம் போகிறது. ஒரு வேலைக்கு ஒரு நேரத்தில் தேவைப்படுவதோ சில சாளரங்கள் மட்டும்.

ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை கொடுத்தார்கள். அறைக்கு அறை போகக் கதவுகள் வைத்தார்கள். ஒரு சாளரத்தை அடுத்த அறைக்குத் தூக்கிச் செல்லலாம், 'பொக்கட்'டில் போட்டால் எல்லா அறைக்கும் கூடவே வரும். இன்னொரு திரை வாங்காமல் இருக்கிற திரையைப் பெருக்கிய வழி இது.

இது விசைப்பலகைக்கும் வந்தது. 1985இல் வெளியான அமிகா கணினியில் இரண்டு விசைகளை அழுத்தித் திரை மாற்றலாம். லினக்ஸில் ஆரம்ப காலத்திலேயே ஆல்ட் விசையோடு எப் விசைகளை அழுத்திப் பல முனையங்களுக்குத் தாவினார்கள். 2009இல் வந்த ஐ3 போன்ற மென்பொருள்களில் மவுஸைத் தொடாமலே சாளரங்கள் தாமாகப் பக்கம் பக்கமாக அடுக்கப்படும். ஆப்பிள் மெக் கணினிக்கு 2007இல் இந்த வசதி வந்தது. விண்டோஸோடு சேர்ந்தே வந்ததோ 2015 ஜூலையில், விண்டோஸ் 10இல்தான்.

ஆக, நம் லெப்டொப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ், கொன்ட்ரோல், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய மேசை. டி விசைக்குப் பதிலாக இடது, வலது அம்புக்குறி என்றால் மேசைக்கு மேசை போகலாம். விண்டோஸும் டெப்பும் அழுத்தினால் எல்லா மேசையும் தெரியும். அங்கே ஒரு சாளரத்தில் வலது சொடுக்கி, எல்லா மேசையிலும் காட்டு என்று கொடுத்தால் அதுதான் அந்தப் பழைய 'பொக்கட்'. மேசையை மூட விண்டோஸ், கொன்ட்ரோல், எப்4. திறந்திருந்த கோப்புகள் மூடுபடாது, பக்கத்து மேசைக்குப் போய்விடும்.

பாடத்துக்கு ஒன்று, புள்ளிகளுக்கு ஒன்று, கடிதங்களுக்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கள். ஸூம் வகுப்பில் திரையைப் பகிரும்போது சொந்த விடயங்களைத் திறந்த சாளரம் வேறு மேசையில் இருந்தால் மானம் காக்கும்.

இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். மேசை கூடினால் ரெம் கூடாது. திறந்த மென்பொருள் எந்த மேசையில் இருந்தாலும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்தது, மேசை என்பது பூட்டு அல்ல. வினாத்தாளும் பிள்ளைகளின் புள்ளிகளும் அமானிதம். வீட்டில் பிள்ளைகளும் பாவிக்கும் லெப்டொப் என்றால், கடவுச்சொல்லோடு தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஐ.சி.ரி. படிப்பிக்கும் சகோதர சகோதரிகளே, கணினி அறையில் ஒரு பாடவேளையை மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் மற்றவர்களுக்கும் பயன்படும்.