திமிங்கிலத்துக்கும் ஒரு பேரேடு



எங்கள் நோர்வேயில் திமிங்கிலத்துக்கும் பேரேடு உண்டு. 1993இல் வர்த்தக வேட்டையை மீண்டும் தொடங்கிய அரசு, பின்னர் பிடிபடும் மிங்கித் திமிங்கிலங்களின் மரபணுவைப் பதியத் தொடங்கியது. சந்தை இறைச்சி பதிவோடு பொருந்தாவிட்டால் களவு வெளிப்படும். பேக்கர், பலும்பி என்போர் ஜப்பானியச் சந்தையில் பாதுகாக்கப்பட்ட இனங்களின் இறைச்சி விற்கப்பட்டதை 1994இலேயே மரபணுவால் காட்டியிருந்தனர்.

கணக்கைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. 1996இல் வடகிழக்கு அத்திலாந்திக்கில் பிடிபட்ட ஒன்று அந்தாட்டிக்க மிங்கி! 2007இல் பிடிபட்டதோ, தாய்வழி அந்தாட்டிக்கமான கலப்பு. 2010இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டனர்.

வேட்டைக்காரர் கண்ணுக்கு இரண்டும் உள்ளூர்த் திமிங்கிலங்களே. அவை கடந்த தூரத்தைத் தசைத்துண்டுதான் சொன்னது, அதுவும் கொன்ற பிறகு. ‘எங்கிருந்து வந்தாய்’ என்ற கட்டத்தை நிரப்பிய எங்களுக்கு, உயிரோடு பதிவாவதன் அருமை தெரியும்.